புழல் ஏரிக்கு நீர்மட்டம், பெட்ரோல் டேங்குக்கு 'திரவ நிலை'யா?

வெளிநாட்டில் இருக்கும் என் அக்கா மகன், நண்பர்களோடு சேர்ந்து இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அதன் கையேட்டில் பெட்ரோல் டேங்கின் லெவல் சென்சாருக்கு வயர் இழுக்கும் பகுதியை யாரோ தமிழாக்கியிருக்க, அதை எனக்கு அனுப்பிவைத்தான். முதல் வரியிலேயே 'திரவ நிலை உணரி'. இந்தத் தொடரை எத்தனையாவது முறையாகப் பார்க்கிறேனோ! வியாசர்பாடியில் லாரிகளுக்கு வயரிங் செய்யும் நண்பரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பெட்ரோல் கட்டியாகிவிட்டதா, ஆவியாகிவிட்டதா என்று பார்க்கிற கருவியா சார்?" என்றார்.

கேள்வி நியாயமானது. திட நிலை, திரவ நிலை, வாயு நிலை என்றுதானே பள்ளியில் படித்தோம்?

உணரியோடு எனக்குச் சண்டை இல்லை. உணர் என்னும் வினையோடு இகரம் சேர்ந்த நல்ல சொல். லெவல், சிறு தராசைக் குறிக்கும் லிபெல்லா என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதற்கு நம்மிடம் மட்டம் இருக்கிறது. மட்டு என்றால் அளவு, எல்லை.

புழல் ஏரி நிரம்பினால் 21.20 அடி. மழைக்காலத்தில் நாளிதழ்கள் தினமும் அதன் 'நீர்மட்டம்' போடுகின்றன. 'நீர்நிலை' என்று போட்டால் அது ஏரியையே குறித்துவிடும். ஏரிக்குத் தெரிந்த இந்த வேறுபாடு டேங்குக்கு வந்ததும் ஏன் மறந்துபோகிறது? 'மட்டமான சரக்கு' என்கிறோமே, மட்டம் தாழ்ந்த சொல் என்கிறார்கள் சிலர். கொத்தனார் ரசமட்டம் வைக்கும்போது சுவர் தாழ்ந்தா போகிறது? கடல் மட்டத்துக்கு இவர்கள் என்ன பெயர் வைப்பார்கள்?

'அளவு உணரி' என்போரும் உண்டு. அதுவும் பிசகு. மிதவைக் கருவியில் மிதவை ஏறி இறங்க, அதன் கை மின்தடையை மாற்றுகிறது. மின்தேக்கு வகையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். அவற்றுக்கிடையே பெட்ரோல் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதற்கேற்ப மின்தேக்கம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் திறன், கூடும். இரண்டுமே பார்ப்பது உயரத்தைத்தான், லிட்டரை அல்ல. இறக்கை நுனி மேல்நோக்கிச் சாய்ந்த விமானத்தில், டேங்கின் உள்முனையில் இருக்கும் மிதவை, டேங்க் நிறையும் முன்பே கூரையைத் தொட்டுவிடும். அதன்பின் எவ்வளவு ஊற்றினாலும் முள் நகராது. உயரத்தை லிட்டராக்கத்தான் சிறிது சிறிதாகப் பெட்ரோல் ஊற்றிக் குறித்துக்கொள்கிறார்கள்.

இவையெல்லாம் கேலியோடு போகட்டும். ஆபத்து அடுத்த பக்கத்தில் இருந்தது: 'பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் தீர்ந்ததும், நிலையான பறப்பில் முள் சுழியத்தில் நிற்க வேண்டும்.' மூலத்தில் இருப்பது 'லெவல் ஃபிளைட்', அதாவது மட்டப் பறப்பு, விமானம் ஏறாமலும் இறங்காமலும் பறப்பது. சீராக மேலேறும் விமானமும் 'நிலையாக'த்தானே பறக்கிறது? பையனுடையது வால்சக்கர விமானம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், பெட்ரோல் டேங்கின் பின்பக்கம் ஒதுங்கும். வாலைத் தூக்கி முட்டுக்கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே சுழியத்தைக் குறிக்க வேண்டும். 'நிலையான' என்று படித்தவன், நிற்கிற வாக்கிலேயே குறித்துவிட்டுப் போவான். பையனைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஆங்கில மூலத்தையே பார்க்கச் சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். டேங்குக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம். மிதவைக் கருவிக்கு ஆங்கிலத்தில் செண்டர் (sender) என்றொரு பெயர் உண்டு. அதற்கு அவர் வைத்திருக்கும் சொல் 'அனுப்புநர்'. பெறுநர் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.