உடல்வாகும் மூச்சின் இருப்பும்

ஒல்லியான இளம்பெண்ணுக்கு நுரையீரல் திறன் கூடுதலாக இருக்குமா, பருமனானவருக்கா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நுரையீரலின் கொள்ளளவை முதன்மையாகத் தீர்மானிப்பது எடையன்று, உயரம். ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஹட்சின்சன், தாம் வடிவமைத்த ஸ்பைரோமீட்டரால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூச்சை அளந்து, உயரத்தோடு உயிர்ப்புத் திறனும் (முழுதாக மூச்சை இழுத்தபின் முழுதாக ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு) சீராகக் கூடுவதை 1846-இல் வெளியிட்டார். இன்றைய கணக்கீடுகளும் வயது, பாலினம், உயரம் ஆகியவற்றையே அடிப்படையாகக் கொள்கின்றன.

அப்படியானால் எடையின் பங்கு எங்கே வருகிறது? இயல்பாக மூச்சு விடும்போது, வெளிமூச்சு ஓரிடத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. நுரையீரல் தன் மீள்தன்மையால் உள்நோக்கிச் சுருங்க முயல்கிறது. மார்புக்கூடோ வெளிநோக்கி விரிய முயல்கிறது. இவ்விரு விசைகளும் சமனாகும் அந்த இடத்தில் எந்தத் தசையும் உழைக்க வேண்டியதில்லை. உடலியலில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் அறிந்ததில்லை. அதற்குப் பிறகும் முயன்று ஊதினால் வெளியேறும் காற்றே வெளிச்சுவாசச் சேமிப்புக் கொள்ளளவு.

வயிற்றில் கொழுப்பு சேரும்போது, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. மார்புச் சுவரின் மீதுள்ள கொழுப்பும் அதன் விரிவைத் தடுக்கிறது. சமநிலை முன்பைவிடக் குறைந்த கொள்ளளவிலேயே ஏற்பட்டுவிடுவதால், உயிர்ப்புத் திறன் ஏறக்குறைய மாறாமல் இருக்கும்போதே இந்தச் சேமிப்பு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. சேமிப்பு மிகவும் குறைந்தால் நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள நுண்ணிய காற்றுக்குழல்கள் ஒவ்வொரு வெளிமூச்சின் முடிவிலும் மூடிக்கொள்ளக்கூடும். புவியீர்ப்பினால் இரத்தம் அதிகம் பாய்வதும் அதே அடிப்பகுதியில்தான் என்பதால், அதில் ஒரு பங்கு போதிய ஆக்சிஜனைப் பெறாமலே இதயத்துக்குத் திரும்புகிறது.

இளம்பெண்களுக்குப் பொதுவாகக் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கு அடியில் சேர்கிறது. அது உதரவிதானத்தை அழுத்துவதில்லை. ஒரே உயரமும் ஒரே எடையும் கொண்ட இரு பெண்களின் சேமிப்புக் கொள்ளளவு வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே எடையோடு வயிற்றுச் சுற்றளவையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மெலிவு மட்டுமே நலத்தின் அடையாளமாகிவிடாது. உதரவிதானமும் ஒரு தசையே. ஊட்டமின்றி உடல் மெலிந்தால் அதுவும் மெலியும், உள்மூச்சின் வலிமையோடு உயிர்ப்புத் திறனும் குறையும். பெண்களின் நுரையீரல் திறன் இருபதுகளின் முற்பகுதியில் உச்சத்தை எட்டிப் பின்னர் மெல்லக் குறைகிறது. ஹட்சின்சன் அளந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இளம்பெண்களின் மூச்சை அவர்கள் உச்சத்தை எட்டும் வயதிலேயே அளந்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுகளுக்குத் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும்.