சிங்க்ரோமெஷ்: சொல்லும் அது செய்யும் வேலையும்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டாவது கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் எல்லோரும் உடனே சொல்வது, "சிங்க்ரோ போச்சு". சிங்க்ரோ என்பது சிங்க்ரோமெஷின் சுருக்கம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சிங்க்ரோ நன்றாக இருந்து, கிளட்ச் முழுசாக விடாமல், அதாவது இன்ஜினைக் கியர்பாக்ஸிலிருந்து முழுசாகப் பிரிக்காமல் இருந்தாலும் இதே சத்தம்தான் வரும், அது தெரியாமல் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துவிட்டால் செலவும் உழைப்பும் வீண். சிங்க்ரோமெஷ் என்றால் என்ன என்று ஒருமுறை தெளிவாகப் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சொல் இரண்டு துண்டு. முன்பாதி கிரேக்கத்திலிருந்து வந்தது: 'சின்' என்றால் சேர்ந்து, 'க்ரோனோஸ்' என்றால் காலம். இரண்டு சேர்ந்து ஒரே நேரத்தில் நடப்பது என்ற பொருளைத் தருகின்றன. பின்பாதியான 'மெஷ்' வலையின் கண்ணைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல், பிறகு இரண்டு சக்கரங்களின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்வதற்கும் அதுவே பெயராகிவிட்டது. இந்த அமைப்பை உருவாக்கியவர் அமெரிக்காவின் எர்ல் தாம்சன், காரில் முதலில் கொண்டுவந்தது காடிலாக், 1928-இல். அதற்கு முன்பு, ஓட்டுபவர் இன்ஜின் வேகத்தைக் காதால் கணித்து, கிளட்ச்சை இரண்டு முறை மிதித்துத்தான், நியூட்ரலுக்கு ஒருமுறை, அடுத்த கியருக்கு ஒருமுறை, கியர் மாற்ற வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். கியர்பாக்ஸில் சிங்க்ரோ உள்ள கியர்களின் பெரிய பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தேதான் சுற்றுகின்றன. நாம் லீவரைத் தள்ளும்போது நகர்வது ஒரு ஸ்லீவ், தண்டோடு சேர்ந்து சுற்றியபடியே பக்கவாட்டில் நகரும் உறை. அது போய் கியரின் பக்கவாட்டில் உள்ள சின்னச் சின்ன பூட்டுப் பற்களில் மாட்டினால்தான் அந்தக் கியர் தண்டோடு சேர்ந்து சுற்றும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றும்போது மாட்டப் பார்த்தால் பற்கள் ஒன்றையொன்று அரைக்கும். அதைத் தடுக்க இடையில் ஒரு பித்தளை வளையம், உட்புறம் கூம்பு வடிவம், மெல்லிய பள்ளங்கள் எண்ணெயை வெட்டி ஒதுக்கும், வளையம் கியரின் கூம்பில் உராய்ந்து அதன் வேகத்தைத் தண்டின் வேகத்துக்குக் கொண்டுவரும், அதுவரை ஸ்லீவை உள்ளே விடாமல் மறித்தும் நிற்கும். சிங்க்ரோ ரிங் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? சிங்க்ரனஸ் என்பதற்கு ஒத்தியங்கு, ஒத்திசைந்த என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஒத்திசைவு இசைக்கு அழகான சொல், இங்கே பொருந்தவில்லை. ஒத்தியங்கு கொஞ்சம் நெருங்கி வருகிறது, ஆனால் இங்கே நடப்பது வேகத்தைச் சமப்படுத்திவிட்டுப் பூட்டுவது. சமவேகப் பிணைப்பு என்றால் முன்சக்கர அச்சில் வரும் சிவி (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி, அதாவது மாறாத வேக) ஜாயின்ட்டோடு குழம்பும். அதனால் என் தேர்வு ஒத்தவேகப் பிணைப்பு, வளையத்துக்கு ஒத்தவேக வளையம். கிரேக்கச் சொல்லில் உள்ள காலத்தை விட்டுவிட்டு வேகத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு: பழுது பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வியே வேகத்தைப் பற்றியதுதான். பேச்சில் சிங்க்ரோ என்றே சொல்லுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை.

அந்தக் கேள்வி இதுதான்: வேகம் ஏன் ஒத்துப்போகவில்லை? வளையம் தேய்ந்து பிடிக்க முடியாமல் போயிருக்கலாம். இல்லையென்றால் கிளட்ச் முழுசாக விடாமல் இன்ஜின் தொடர்ந்து உள்தண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம், அப்போது எவ்வளவு நல்ல வளையமும் தோற்றுப்போகும். பிரித்தறிவது சுலபம். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கிளட்ச்சை முழுசாக மிதித்து, சில நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பழைய கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்குப் பொதுவாக சிங்க்ரோ கிடையாது. சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் சரியாக விடுகிறது. அரைத்தால் முதலில் கிளட்ச் ஹைட்ராலிக்கை, அதாவது பெடலின் அழுத்தத்தைத் திரவத்தால் கிளட்ச்சுக்குக் கடத்தும் அமைப்பைப் பாருங்கள், கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். அப்புறம் ஓட்டத்தில், சத்தம் போடும் கியருக்கு மட்டும் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து மாற்றிப் பாருங்கள். சரியான வேகத்தில் மாற்றும்போது சத்தம் போய்விட்டால், வளையம் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம், அதாவது வளையம்தான் குற்றவாளி.

ஒரு கியர் மட்டும் அரைத்தால் வளையம், எல்லாமே அரைத்தால் கிளட்ச் என்பது நல்ல தொடக்கம். முதல் கியர் அரைப்பதை மட்டும் அவசரப்பட்டுப் பழுது என்று எழுதிவிடாதீர்கள். 1962 முதல் 1967 வரை வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலும், 3.8 லிட்டர் ஜாகுவார் இ-டைப்பிலும் முதல் கியருக்கு சிங்க்ரோவே இல்லை, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். 1961-இல் வந்த ட்ரையம்ப் டிஆர்4-இல் நான்குக்கும் உண்டு. கியர் தானாக வெளியே வந்துவிடுவது, ஓடும்போது ஊளையிடுவது எல்லாம் வேறு கதை: முன்னது தேய்ந்த பூட்டுப் பற்கள், ஸ்லீவை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க், தளர்ந்த ஸ்பிரிங், பின்னது பெரும்பாலும் பேரிங்.

போர்ஷே 1952-இல் தன் 356-இல் வேறு வகை வளையத்தைக் கொண்டுவந்தது, பித்தளைக் கூம்புக்குப் பதில் ஓரிடத்தில் வெட்டுவிட்ட எஃகு வளையம். ஆல்ஃபா ரோமியோவும் ஃபெராரியும்கூட இந்த வகையைப் பயன்படுத்தின. போர்ஷேயின் 911-இல் இது 1986 வரை இருந்தது. இதற்கு அவசரம் ஆகாது, லீவரை நிதானமாகத் தள்ள வேண்டும். பழைய ஃபெராரிகளில் குளிர்ந்த எண்ணெயில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது பேர்போனது, சூடாகும்வரை ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்குப் போவார்கள். சூடானதும் சரியாகிவிட்டால் பிரிக்க அவசரமில்லை.

எண்ணெயையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வளையம் உராய்வினால்தான் வேலை செய்கிறது. அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெய் ஊற்றினால் புது வளையமும் பிடிக்காது. ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரக் குறியீடு. ஜிஎல்-5 தர எண்ணெயில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் பித்தளையை அரிக்கவும் கூடும், அதனால் கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 தான். எம்ஜிபியின் பெட்டி கேட்பது கியர் ஆயிலே அல்ல, 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில். பழைய எண்ணெயை வடிக்கும்போது அதில் பித்தளைப் பொடி மினுங்குகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கொஞ்சம் இருப்பது இயல்பு. நிறைய இருந்து, மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் வளையத்தையே காட்டினால், பெட்டியை இறக்கலாம். பிரித்ததும் வளையத்தைக் கூம்பில் அழுத்தி, வளையத்துக்கும் கியருக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஃபீலர் கேஜால் (குறிப்பிட்ட தடிமனுள்ள மெல்லிய தகடுகளின் தொகுப்பு) அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள், இடைவெளியே இல்லாமல் வளையம் கியரில் முட்டி நின்றால் அது இனி பிடிக்காது.