போலீஸ் மீது நஷ்டஈடு வழக்கா? முதலில் இரண்டு மாத நோட்டீஸ்

காரணமில்லாமல் காவல் நிலையத்தில் அடைத்து வைத்தார்கள், நஷ்டஈடு கேட்க வேண்டும் என்றால் நேரே சிவில் கோர்ட்டுக்குப் போய்விட முடியாது. அரசு மீதோ, பணி நிமித்தம் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்காக அரசு ஊழியர் மீதோ வழக்குப் போடுமுன், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 80.

நோட்டீஸில் உங்கள் பெயர், முகவரி, நடந்தது என்ன, கேட்பது என்ன என்பவை இருக்க வேண்டும். மாநில அரசுக்கானதை அரசுச் செயலாளர் அல்லது ஆட்சியர் அலுவலகத்தில் சேர்க்கலாம். அதிகாரிக்கு அவர் கையிலோ, அவர் அலுவலகத்திலோ. ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்; நோட்டீஸ் கொடுத்ததைப் பிராதில் (வழக்கு மனுவில்) சொல்லியாக வேண்டும். அவசரம் என்றால் கோர்ட் அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலே தாக்கல் செய்யலாம். ஆனால் அரசுத் தரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு கிடைக்காது.

அரசு யோசித்து, நியாயமானதை வழக்கில்லாமலே தீர்க்கத்தான் இந்த இரண்டு மாதம். நடப்பது வேறு. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொன்னது: பெரும்பாலும் பதிலே வருவதில்லை, வந்தாலும் மழுப்பல். பதில் தருவதற்கென ஓர் அதிகாரியை நியமிக்கவும் உத்தரவிட்டது. ஆகவே பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். நாள் முடிந்ததும் தாக்கல் செய்துவிடுங்கள்.

காலக்கெடுவில்தான் பலர் சறுக்குகிறார்கள். சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கான நஷ்டஈட்டுக்கு, விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு. நோட்டீஸ் காலம் அந்த ஓராண்டுக் கணக்கில் சேராது. போதாததற்கு 1859-ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டம், பிரிவு 53, அந்தச் சட்டப்படி செய்த செயலுக்கு மூன்றே மாதம் என்கிறது. போலீஸ் தரப்பு முதலில் தூக்கிக் காட்டும் கேடயம் இதுதான். ஆனால் காவலில் இருப்பவரை அடிப்பது கடமையோடு சேராது, அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று ஆந்திர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதிகாரிக்காக வாதாடுவது யார்? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 27-இன்படி, அரசு முன்வந்தால் அரசு வழக்கறிஞர் ஆஜராவார். முன்வராவிட்டால் சாதாரண பிரதிவாதி போல அவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அரசையும் தரப்பாகச் சேர்க்க மறக்காதீர்கள். தீர்ப்புக்கு முன் அவர் சொத்தை ஜப்தி செய்ய முடியாது. ஜெயித்தாலும், தொகை மூன்று மாதம் கட்டப்படாமல் இருந்தால்தான் நிறைவேற்ற மனு.

மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிகள் தனி அமைப்புகள். அவற்றின் சட்டங்களில் உள்ள நோட்டீஸ் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

காவல் மரணம், சித்திரவதை போன்ற அடிப்படை உரிமை மீறலென்றால் சிவில் வழக்கையே நம்பியிருக்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இழப்பீடு கேட்கலாம். 1993-இல் நீலபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை உறுதிப்படுத்தியது. அதற்கு 80-ஆம் பிரிவு நோட்டீஸ் தேவையில்லை.