இளநிலை ஆய்வேடு: தை பிறப்பதற்குள் முடிய வேண்டிய வேலைகள்

ஏப்ரலில் சமர்ப்பிக்க முடியாமல் தவிக்கும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை, முந்தைய ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே தடம் மாறியவை. டெல்டா மாவட்டத்தில் பொருளியல் துறை ஒன்றில் இளநிலை மாணவர்களுக்கு நெறியாளராக இருந்துவரும் நான் ஆண்டுதோறும் காண்பது இதுதான். எழுதத் தெரியாததால் முடிக்காமல் போன மாணவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். தலைப்பை நேரத்தில் சுருக்காததாலும், தரவு கிடைக்கும் காலத்தைத் தவறவிட்டதாலும் முடிக்காமல் போனவர்களே அதிகம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி, நான்காண்டு ஹானர்ஸ் படிப்பில் ஆராய்ச்சிப் பிரிவைத் தேர்ந்தெடுக்க முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டத்துக்கான 160 கிரெடிட்டுகளில் ஆய்வேட்டுக்கு மட்டும் 12 உண்டு. மூன்றாண்டுப் படிப்பின் இறுதிப் பருவத்தில் வரும் புராஜெக்டுக்கு இவ்வளவு எடை இல்லை என்றாலும், கீழே சொல்பவை அதற்கும் பொருந்தும்.

முதலில் தலைப்பு. 'காவிரி டெல்டாவில் வேளாண் நெருக்கடி' என்று எழுதிக்கொண்டு வரும் மாணவரிடம் அக்கறை இருக்கிறது, ஆனால் கேள்வி இல்லை. 'நேரடி விதைப்புக்கு (நாற்று நடாமல் விதையை நேரே வயலில் விதைப்பதற்கு) மாறிய சிறு விவசாயிக்கு நடவுக் கூலியில் மிச்சமான பணத்தில், களை எடுக்கவும் களைக்கொல்லிக்கும் எவ்வளவு திரும்பச் செலவாயிற்று' என்பது கேள்வி. இதற்கு ஒரே ஊராட்சியில், ஒரே பருவத்தில், இளநிலை மாணவர் ஒருவர் தாமே நடந்து திரிந்து விடை தேட முடியும். சிறிய கேள்வி மதிப்பெண்ணைக் குறைத்துவிடும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். தேர்வாளராக அமரும்போது நான் குறைப்பது, பெரிய தலைப்பின் கீழ் பொதுச் செய்திகளை நிரப்பிய ஆய்வேட்டுக்குத்தான்.

அடுத்தது காலம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட்டால், குறுகிய கால நெல்லான குறுவையின் அறுவடை புரட்டாசி வாக்கில் வந்துவிடும். அடுத்த நெல் பருவங்களான சம்பா, தாளடி அறுவடைகள் தை, மாசியில் நடக்கும். இறுதிப் பருவ வகுப்புகள் தொடங்கிய பிறகு தலைப்புக்கு ஒப்புதல் வாங்கி, பொங்கல் விடுமுறை கழித்து வினாநிரல் (விவசாயிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல்) தயாரிக்கும் மாணவர் ஊருக்குப் போய்ச் சேரும்போது நெல் களத்தைவிட்டுப் போயிருக்கும். பிறகு கிடைப்பது நினைவிலிருந்து சொல்லும் தோராயக் கணக்கு மட்டுமே. ஆகவே, தலைப்பு ஒப்புதல், முந்தைய ஆய்வுகளின் வாசிப்பு, நாலைந்து விவசாயிகளிடம் வினாநிரலை முன்கூட்டியே கேட்டுப் பார்த்தல் ஆகிய மூன்றும் மார்கழிக்குள் முடிந்திருக்க வேண்டும். அறுவடை நேரத்தில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குப் பக்கத்தில் முறைக்காகக் காத்திருக்கும் விவசாயியிடம் பேசுவதற்கு நேரம் இருக்கும். என் மாணவர்களை முதலில் அங்கேதான் அனுப்புகிறேன்.

வினாநிரலில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் அளவைகள். 'உங்கள் நிலம் எத்தனை ஹெக்டேர்' என்று கேட்டால் இங்கே விடை வராது. விவசாயி 'மா' என்ற நில அளவில் சொல்வார், பெரிய பண்ணையென்றால் 'வேலி' கணக்கில் சொல்வார். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்ற கணக்கை மாணவர் தெரிந்துகொண்டு, அவர் சொன்னதை அப்படியே குறித்து, மாற்றிய அளவை அடுத்த கட்டத்தில் எழுத வேண்டும். மூட்டைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஊரில் பேச்சுவழக்கில் மூட்டை என்றால் பெரும்பாலும் 60 கிலோ. கொள்முதல் நிலையத்தில் சிப்பம் எனப்படும் மூட்டை 40 கிலோ. 'ஏக்கருக்கு 30 மூட்டை' என்ற ஒரே விடை ஒரு கணக்கில் 1,800 கிலோ, இன்னொரு கணக்கில் 1,200 கிலோ. இரண்டையும் கலந்து சராசரி எடுத்த ஆய்வேட்டில் அட்டவணைகளும் வரைபடங்களும் எவ்வளவு அழகாக இருந்தாலும் முடிவு பொய்யாகிவிடும். ஒவ்வொரு விடையின் பக்கத்திலும் 'எந்த மூட்டை' என்று ஒரு கட்டம் போட்டால் இந்த இடர் முழுதும் நீங்கும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் (பயிர்ப் பதிவேட்டில்) உள்ள பயிர்ப் பரப்பையும், பொருளியல் புள்ளியியல் துறை வெளியிடும் பருவம், பயிர் அறிக்கையையும் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அவை நேரில் கேட்பதற்கு மாற்றாகா.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்டாவில் கோயில் நிலத்திலும் தனியார் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்வோர் பலர். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டபோதும், பதிவில் இல்லாத குத்தகைதாரருக்குத் தம் பெயர் வெளியில் தெரிந்தால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சம் இன்றும் இருக்கிறது. நம்பிச் சொன்னவரின் பெயர், ஊர், சர்வே எண், குத்தகை நெல்லின் அளவு எல்லாவற்றையும் பின்னிணைப்பில் அச்சிட்டு பைண்டிங் செய்து நூலகத்தில் வைத்துவிட்டால், அதன் விளைவை அனுபவிப்பவர் அவர்தான். பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண் கொடுங்கள்; பெயரும் எண்ணும் உள்ள தாளைத் தனியே நெறியாளரின் பொறுப்பில் வையுங்கள். இதை விதிமுறையாக எழுதி வைக்காத துறைகளிலும் ஆசிரியர்கள் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எழுத்து வேலையைத் தரவு சேர்த்து முடித்த பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. முறையியல் இயலைக் களத்தில் இருக்கும்போதே எழுதிவிடலாம். எந்த ஊர், ஏன் அந்த ஊர், யாரிடம் கேட்டோம், யார் மறுத்தார்கள் என்பவை அப்போதுதான் துல்லியமாக நினைவிருக்கும்.

பேருந்து நிலையம் அருகே கணினிக் கடைகளில் ஆயத்த புராஜெக்டுகள் விலைக்குக் கிடைப்பதைப் பெற்றோர்களும் அறிவார்கள். கடன் வாங்கிப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. பிள்ளைக்கு உதவுவதாக எண்ணித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் வாய்மொழித் தேர்வில் 'இந்த அட்டவணையில் நான்காவது விவசாயி ஏன் விதையை வெளியில் வாங்கினார்' என்ற ஒரு கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் நூற்பட்டியலில், உண்மையில் எழுதப்படாத கட்டுரைகளும் இடம்பெறுவதால், மாணவர் தாம் திறந்து படிக்காத எதையும் மேற்கோளாகக் காட்டக் கூடாது. முந்தைய முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா (Shodhganga) இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டை முழுதாகப் படித்தாலே இயல் அமைப்பு பிடிபட்டுவிடும்.

முழு வரைவை மார்ச் முதல் வாரத்தில் நெறியாளர் கையில் கொடுத்துவிடுங்கள். திருத்தம் இல்லாமல் திரும்பி வரும் வரைவு கிடையாது, அந்தத் திருத்தங்களுக்கு நாள் வேண்டும். நிரப்பிய வினாநிரல்களை வாய்மொழித் தேர்வுக்கு எடுத்து வாருங்கள், பட்டம் கைக்கு வரும்வரை எறிந்துவிடாதீர்கள். தேர்வு முடிந்ததும் ஆய்வின் முடிவை எளிய தமிழில் ஒரே பக்கமாக எழுதி, விடை சொன்ன விவசாயிகளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். களைச் செலவுக் கணக்கு அடுத்த பருவத்துக்கு அவர்களுக்கும் தேவைப்படுகிறது.