ராட்வைலர் வளர்க்கத் தடை இருக்கிறதா? நாய் வளர்ப்பவரும் குட்டி வாங்குபவரும் அறிய வேண்டிய சட்டம்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் தென்னந்தோப்புக்கும் மோட்டார் கொட்டகைக்கும் காவலாக ராட்வைலர் வாங்கிக் கட்டியவர்கள் நிறையப் பேர். ஒயர் திருட்டுக்குப் பயந்து வாங்கியவர்கள்தான் பெரும்பாலும். அவர்களிடம் பக்கத்து வயல்காரர் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "தம்பி, இந்த நாயெல்லாம் வெச்சுக்கக் கூடாதாம்ல, கவர்மெண்டே தடை போட்டாச்சாம்." 23 இனங்களின் பெயர்ப் பட்டியலும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது, இன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வைலர், கேன் கோர்சோ, டோகோ அர்ஜென்டினோ உள்ளிட்ட 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ கூடாது, ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றது அது. கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே இதை ரத்து செய்தது. நாய் வளர்ப்போர் தரப்பை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போட்ட உத்தரவு என்பது முக்கியக் காரணம். டெல்லி உயர் நீதிமன்றமும் அதே ஏப்ரலில் சுற்றறிக்கையை நீக்கி, மக்களின் ஆட்சேபங்களைக் கேட்டபின் புதிதாக முடிவெடுக்கச் சொன்னது. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியபோது, தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையும் அதே பட்டியலை வைத்துத் தடை அறிவித்து, உடனேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆக, அந்தப் பட்டியலைக் காட்டி உங்கள் நாயை யாரும் பறித்துக்கொண்டு போக முடியாது. ஆனால் உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் தனியாக விதி வகுக்கலாம். சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிய உரிமம் கிடையாது என்று முடிவெடுத்தது. அது சென்னைக்கு மட்டும்தான். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருப்பவர்கள் தங்கள் மாநகராட்சி அலுவலகத்திலும், கிராமத்தில் இருப்பவர்கள் ஊராட்சியிலும் உரிமம் வேண்டுமா என்று நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

இனத்தைப் பார்க்காத சட்டம் ஒன்று எப்போதும் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவுப்படி, தன்னிடமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக இருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ராட்வைலர் கடித்தாலும் நாட்டு நாய் கடித்தாலும் இந்தப் பிரிவு ஒன்றுதான். தோப்பில் வேலி இல்லாமல் அவிழ்த்துவிட்ட நாய் வரப்பில் போகிற நடவு ஆளைக் கடித்தால், "என் இடத்துக்குள்ள ஏன் வந்தீங்க" என்று சொல்லித் தப்பிவிடலாம் என எண்ண வேண்டாம்.

நாய்க்கும் பாதுகாப்பு உண்டு. அதே சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவுப்படி எந்த விலங்கையும் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கறியில் குருணை மருந்து கலந்து வைப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும், வேண்டாம் என்று கொள்ளிடக் கரையில் விட்டுவிட்டு வருவதும் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றங்கள். அதற்கான அபராதம் முதல் முறை 50 ரூபாயைத் தாண்டாது என்பது வேதனையான உண்மை.

இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் விஷயம் குட்டி எப்படிப் பிறந்து, எப்படி விற்கப்படுகிறது என்பது. ஊரே தடையைப் பற்றிப் பேசுகிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், கடிக்கிற நாயைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளைத்தான்.

அந்த விதிகளின்படி, விற்பனைக்காகக் குட்டி எடுக்கும் யாரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய்; சான்றிதழ் 2 ஆண்டு செல்லும். பெட்டைக்கு 18 மாதம் முடியும் முன் இணை சேர்க்கக் கூடாது. 8 வயதுக்கு மேலும் கூடாது. வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. இணை சேர்க்கும் முன் கால்நடை மருத்துவர் உடல்தகுதிச் சான்று தர வேண்டும். பருவத்துக்கு வரும்போதெல்லாம் விடாமல் குட்டி எடுத்து, ஐந்தாறு வயதிலேயே மடி தொங்கி, விலா எலும்பு தெரிய மாட்டுக் கொட்டகை மூலையில் படுத்திருக்கும் பெட்டைகளை நம் ஊர்களில் பார்க்கலாம். அந்தப் பெட்டைக்காக எழுதப்பட்ட விதிகள் இவை.

குட்டிக்கு 8 வாரம் ஆகும் முன் விற்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இதை மீறாத விற்பனையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு அட்டைப்பெட்டியில் துண்டு விரித்துக் கொண்டுவந்து கைமாற்றுகிறார்கள். வாயைத் திறந்து பார்த்தால் பால்பற்கள் அப்போதுதான் முளைத்திருக்கும். நடை இன்னும் தள்ளாடும். வயிறு மட்டும் பூச்சியால் உப்பியிருக்கும். "நாப்பத்தஞ்சு நாள் ஆச்சுண்ணே" என்பார் விற்பவர். அவர் சொல்வது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், 8 வாரம் என்பது 56 நாள்.

இந்த நாள் கணக்கு தாய்ப்பாலுக்காக மட்டும் இல்லை. நான்காவது வாரம் முதல் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். அழுத்திக் கடித்தால் கடிபட்ட குட்டி வீறிட்டு விலகும்; தாயும் உறுமும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று நாய் கற்றுக்கொள்வது அங்கேதான். முப்பது நாளில் பிரித்துத் தோப்பில் தனியாகக் கட்டிய குட்டி அந்தப் பாடத்தைக் கற்காமலே வளர்ந்து 40 கிலோ ஆகிறது. பிறகு பழி இனத்தின் மேல் விழுகிறது.

வாங்கப் போகிறவர்கள் விற்பவர் வீட்டுக்கே போய்த் தாயைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு எண்ணுடன் ரசீது, தடுப்பூசி விவரம், மைக்ரோசிப் ஆகியவை கேட்டுப் பெற உரிமை உண்டு. தடுப்பூசிக் கணக்கில் எலிக்காய்ச்சல் ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வாசல்வரை நிற்கும் நம் பகுதிக்கு அது கட்டாயத் தேவை. சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டிவிட்டு வாங்கலாம்.

தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒவ்வாத பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற இனங்களில் குட்டி எடுக்கக் கூடாது என்றது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. வழக்கு எப்படி முடிந்தாலும், சித்திரை வெயிலில் மூச்சுக்குத் திணறும் ஒரு பக் நாயைப் பார்த்தவருக்கு அந்த எண்ணத்தின் நியாயம் புரியும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் இனங்களை அந்தக் கொள்கை தனியாகப் பேணச் சொல்கிறது. அவற்றை வளர்ப்பவர்கள் அறுவடை முடிந்த வயலில் முயல் பிடிக்க விடுவது மட்டும் வேண்டாம். அது வன உயிரினச் சட்டப்படி வேட்டை.

இனத்தைச் சொல்லி நாயை அப்புறப்படுத்தும்படி ஊராட்சியிலோ குடியிருப்புச் சங்கத்திலோ வாய்மொழியாகச் சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி குடியிருப்புச் சங்கம் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது. அரசு அலுவலகம் பதில் தராவிட்டால், தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். மனுவோடு நாயின் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, கருத்தடை செய்திருந்தால் அதன் சான்று, வாங்கிய ரசீது ஆகியவற்றின் நகலையும் இணைத்து, ஒரு பிரதியை ஒப்புகை முத்திரையோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.