தூக்குவாளியோடு போன சிறுமி

மேடைப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் கூட்டங்களில் பேசப்போகிறவர்களும் வருவார்கள். அண்மையில் ஒருவர் கொண்டுவந்த வரைவில் ‘கொடுமை’ என்ற சொல் மட்டும் பதினோரு இடத்தில் இருந்தது. போதாததற்குப் பிஞ்சுக் கைகள், கருகும் மொட்டுகள். இப்படிப் பேசினால் கேட்பவர் உச்சுக் கொட்டுவார். ஐந்தாவது நிமிடம் போனை எடுத்துவிடுவார்.

அவரிடம் ஃப்ளாரன்ஸ் கெல்லியின் பேச்சைக் கொடுத்தேன். 1905இல், அமெரிக்காவில், பெண்கள் வாக்குரிமைச் சங்க மாநாட்டில் பேசியது. கெல்லி 1893இல் இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளரானவர். அந்த ஆய்வாளர் கண் பேச்சு முழுக்கத் தெரியும்.

16 வயதுக்குட்பட்ட 20 லட்சம் பிள்ளைகள் உழைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று எடுத்த எடுப்பிலேயே எண்ணைச் சொல்லிவிடுகிறார். பிறகு மாநிலம் மாநிலமாகச் சட்டத்தைப் பிரிக்கிறார். பென்சில்வேனியாவில் அந்த ஆண்டு மே மாதம் வரை 13 வயதுப் பிள்ளை இரவில் 12 மணி நேரம் வேலை செய்யலாம். பதின்மூன்றாவது பிறந்தநாளன்று ஒரு சிறுமி மாலை ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். கொடுத்துவைத்தவர்கள் மதியச் சாப்பாடு கொண்டுபோவதுபோல் இவள் நள்ளிரவுச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துப் போகிறாள். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை ஆலையில் வேலை. எந்தச் சட்டத்தையும் மீறாமல்!

அந்தக் கடைசிச் சொற்களில்தான் அடி விழுகிறது. வாளியைப் பார்த்துக் கலங்கியவரின் கோபம் ஆலை முதலாளியைத் தாண்டிச் சட்டமன்றத்தின் மேல் பாய்கிறது. ‘ஐயோ பாவம்’ என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, ‘நாம்’. இன்றிரவு நாம் தூங்கும்போது பல ஆயிரம் சிறுமிகள் விடிய விடிய நூற்கிறார்கள், நெய்கிறார்கள். பட்டும் ரிப்பனும் நாம் வாங்குவதற்காக என்கிறார். கேட்பவர் வெறும் பார்வையாளராக ஒதுங்கி உட்கார முடியாது. கூடவே, அவர்கள் எதற்காகக் கூடியிருக்கிறார்களோ அதையே பிடித்துக்கொள்கிறார்: ஜார்ஜியாவின் தாய்மாருக்கும் ஆசிரியைகளுக்கும் ஓட்டு இருந்திருந்தால், 12 வயதுக்குட்பட்டவர்களின் ஆலை வேலையை நிறுத்த அந்தச் சட்டமன்றம் மூன்று ஆண்டுகளாக மறுத்திருக்குமா? முடிவில் செய்யக்கூடிய வேலையும் கொடுக்கிறார். மனு போடலாம், ஓட்டுள்ள தொழிலாளர்களோடு சேர்ந்து பிள்ளைகளுக்காகப் போராடி, அந்தத் தொழிலாளர்களை நம் பக்கம் இழுக்கலாம்.

குறையும் உண்டு. தெற்கத்தி ஆலைகளைப் பற்றிப் பேசும்போது ‘வெள்ளைச் சிறுமிகள்’ என்கிறார். வயல்களில் உழைத்த கறுப்பினப் பிள்ளைகள் இந்தச் சித்திரத்தில் இல்லை. பயிற்சியில் இந்த இடம் வரும்போது நிறுத்தி இதையும் சொல்லிவிடுவேன்.

பேசிய மறுநாளே எதுவும் மாறிவிடவில்லை. 1908 முதல் உழைக்கும் பிள்ளைகளைப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் எடுத்த படங்கள் அதே வேலையைக் கண் வழியே செய்தன. குழந்தைத் தொழிலுக்கு எதிராக 1916இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1918இல் செல்லாதென்றது. நிலைத்த சட்டம் வந்தது 1938இல்; கெல்லி இறந்து ஆறு ஆண்டு கழித்து.

அடுத்த வாரம் அந்த நண்பர் திருத்திய வரைவோடு வந்தார். மூன்று இடத்தில் ‘கொடுமை’ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் முதல் வரியில் ஒரு பையனின் வயதும், அவன் வேலைக்குக் கிளம்பும் நேரமும் இருந்தன.