கவுண்டிக்கு ஒரு கொடி: பிரிட்டனில் தேர்வும் பதிவும்

பிரிட்டனில் ஒரு கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பகுதி) கொடி இருக்க, அதற்கென்று கவுன்சில் என்னும் உள்ளாட்சி மன்றம் இருந்தாக வேண்டியதில்லை. மிடில்செக்ஸ் கவுன்சில் 1965இல் கலைக்கப்பட்டது. ஆனாலும் சிவப்புத் துணியில் மூன்று வெள்ளைக் குறுவாள்களும் மேலே பொன்முடியுமாக அந்தக் கவுண்டியின் கொடி, பிரிட்டன் கொடிகளின் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டைப் பராமரிப்பது ஃப்ளாக் இன்ஸ்டிடியூட் என்ற தொண்டு நிறுவனம்.

ஒரு கவுண்டிக்குக் கொடி வேண்டுமென்றால், மரபாக வழங்கிவரும் சின்னம் உண்டா என்று முதலில் தேடுங்கள். கென்ட்டின் வெள்ளைக் குதிரை போல நெடுங்காலப் புழக்கத்துக்குச் சான்று இருந்தால் போட்டியே வேண்டாம். அப்படி எதுவும் இல்லையென்றால் போட்டி வைத்து மக்களிடம் வடிவங்கள் கேட்கலாம். லிங்கன்ஷயரில் 2005இல் உள்ளூர் பிபிசி வானொலியும் ஒரு இதழும் சேர்ந்து வாக்கெடுப்பு நடத்தின. வந்த வடிவங்களில் சிலவற்றை நடுவர் குழு பொறுக்கியெடுக்கும். அவற்றை வைத்து மக்கள் வாக்களிப்பார்கள். நடுவர் குழு அமைக்கும்போதே இன்ஸ்டிடியூட்டைக் கலந்துகொள்வது நல்லது. வென்ற வடிவம் பதிவுக்குத் தகுதியில்லை என்று பிறகு தெரிந்தால், வாக்களித்தவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

தகுதி பெரும்பாலும் இரண்டு இடங்களில் அடிபடும். ஒன்று, கவுன்சிலின் கேடயச் சின்னத்தை அப்படியே கொடியாக்குவது. அது கவுன்சிலுக்கு மட்டுமே உரியது. பதிவாகும் கொடியோ யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். மற்றொன்று, வேறொரு கொடியோடு ஒத்துப்போவது. வெள்ளையில் சிவப்பு ரோஜாவை ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் நகரம் முன்பே பதிந்துவிட்டதால், லங்காஷயர் 2008இல் மஞ்சள் பின்னணிக்கு மாற வேண்டியதாயிற்று. ஸ்காட்லாந்தில் லார்ட் லயன் என்னும் மரபுச்சின்ன அதிகாரியின் ஒப்புதலும் தேவை.

வடிவத்தில் இரண்டு மூன்று நிறங்களே போதும். எழுத்து வேண்டாம்: பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் வலமாகத் திரும்பித் தெரியும். மஞ்சளை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் ஒட்டி வைத்தால் தூரத்தில் கலந்துவிடும். உயரத்துக்கு அகலம் 3:5 என்பது வழக்கமான அளவு.

ஏற்றும் உரிமையும் எளிதாகிவிட்டது. இங்கிலாந்தில் கொடிகளுக்கும் பொருந்தும் விளம்பர விதிகள் 2012இல் திருத்தப்பட்டன; அவற்றின்படி, வரலாற்றுக் கவுண்டிக் கொடிகளை ஏற்ற உள்ளாட்சியிடம் விளம்பர அனுமதி வாங்க வேண்டாம். இட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், சாலைக் குறியீடுகளை மறைக்கக் கூடாது, துணி நல்ல நிலையில் இருக்க வேண்டும். கொடியிலோ கம்பத்திலோ கடைப்பெயர் சேர்த்தால் இந்தச் சலுகை கிடைக்காது.